கல்லின் எண்ணிக்கை: ஒன்று

மேல ரத வீதி, மாடியில் என் பரிசோதனை அறை.
ஆனி மாதம். மின்விசிறி போடவில்லை,
தராசுக்குக் காற்று ஆகாது.
இரண்டு பேர் வந்து இரண்டு கல் வைத்தார்கள்,
நடுவில் ஒரு முழம் இடம் விட்டு.

ஒன்று கத்தரிப்பூ.
ஒன்று நுங்குத் தண்ணி.

"ஒரே கல்லு மேடம். பதினோரு வருசம் முன்ன
பணகுடிக்கு மேக்க, கிணத்துல எழுவதாவது அடி.
வெடி வச்ச மறுநாள் ரெண்டாப் பொளந்து கெடந்துது.
ஆளுக்கு ஒண்ணு எடுத்தோம்.
என்னது பீரோவுல, துணிக்கு அடியில.
மச்சானுக்கத நீங்களே பாருங்க.
நல்லத வித்துட்டுக் கண்ணாடிய வச்சிருக்காரு"
என்றார் உய்க்காட்டான்.

சொரிமுத்து பேசவில்லை.
காற்றாலை இறக்கை ஏற்றும் நீள வண்டி ஓட்டுகிறவர்.
இடது கையைவிட வலது கை
இரண்டு மடங்கு கறுத்திருந்தது.

முதலில் 'கண்ணாடி'யைத் தீர்த்தேன்.
வெளிறியதைக் கண்ணாடிச் சில்லில் இழுத்தேன். கீறியது.
லூப்பில் ஒரு குமிழி இல்லை.
காற்றில் நிறுத்து, நீரில் நிறுத்து
(பேட்டரிக் கடையில் வாங்கிய வடிநீர்)
கழித்து, வகுத்து: இரண்டு புள்ளி ஆறு ஐந்து.
கத்தரிப்பூவுக்கும் அதே.
"இதுவும் படிகம்தான்."
"வேற படிகத்த வாங்கி மாத்திருக்கலாம்லா?"
நியாயமான கேள்வி.
எடை எல்லாப் படிகத்துக்கும் பொது.

வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றி இரண்டையும் அமிழ்த்தினேன்,
அடியில் விளக்கு.

பாறைக்குள் ஒரு பொந்து இருந்தது.
கொதிநீர் நுழைந்து, ஆறி,
தன் மணலை ஒரு மயிரிழைப் படலமாக விட்டுப் போனது.
மறுபடி வந்தது. மறுபடி விட்டது.
சில முறை கொஞ்சம் இரும்பும், சொல்லப்போனால் இரும்பின் வாசனையும்.
அப்புறம் கோடி வருசம் ஒன்றும் நடக்கவில்லை,
சுற்றுப் பாறையின் பொட்டாசியம்
இருட்டுக்குள்ளேயே கதிர் எறிந்துகொண்டிருந்ததைத் தவிர.
இரும்பிடமிருந்து ஒரு எலக்ட்ரான் போயிற்று.
அந்தக் குறைக்குத்தான் ஊதா என்று பெயர்,
செவ்வந்திக்கல் என்று பெயர்.

உய்க்காட்டான் துண்டில் கோடுகள் தெரிந்தன:
ஊதா, வெள்ளை, ஊதா,
கூரை முகடு போல மடிந்து.
சொரிமுத்து துண்டில் ஒன்றுமில்லை.
விளக்கைச் சாய்த்தேன்.
தண்ணீர் வற்றிய குளத்துச் சுவர்போல
கோடு, இடைவெளி, கோடு.

பிறகு முறிந்த முகங்களைச் சேர்த்தேன்.
ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் உட்கார்ந்தது.
துருநிற ஊசி ஒன்று
இங்கே பாதி, அங்கே மீதி.

"எங்க வச்சிருந்திய?"
முதல்முறையாக வாய் திறந்தார்.
"வண்டியில. முன் கண்ணாடிக்குக் கீழ, சாமி படத்துப் பக்கத்துல.
தூத்துக்குடி, கயத்தாறு, மறுபடி தூத்துக்குடி."

வெயில், அந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.
எல்லாச் செவ்வந்திக்கும் இது நடக்காது, சிலதுக்கு நடக்கும்.
அவ்வளவுதான் சொன்னேன்.

உய்க்காட்டான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அப்புறம் மச்சானின் வலது கையைப் பார்த்தார்.
"நெறம் திரும்புமா?"
"கதிர் பாய்ச்சினால் திரும்பலாம்."
"அப்போ கூடங்குளம் வழியா ஒரு சவாரி போட்டாப் போதுமே வே"
என்றார், சிரிக்காமல்.
சொரிமுத்துவுக்குத் தோள் குலுங்கியது.

விலை கேட்டார்கள். சொன்னேன்.
இரண்டும் சேர்ந்து
அந்த வண்டியின் ஒரு டயருக்குக் காணாது.
"ஒரு டியூபுக்கு?"
"வரும்."

சான்றிதழில் முதல் கட்டம்: கல்லின் எண்ணிக்கை.
ஒன்று என்று எழுதினேன்.
குறிப்பு: இரு துண்டு, இரு நிறம்.
கல்லுக்கு நானூறு, ரெண்டுக்கு எண்ணூறு என்றேன்.

உய்க்காட்டான் தாளைத் திருப்பி
முதல் கட்டத்தில் விரலை வைத்தார்.
"ஒண்ணுன்னு நீங்களே எழுதிட்டியள்லா?"

நானூறு வாங்கிக்கொண்டேன்.
படியில் இறங்கும்போது
எந்தத் துண்டு யார் சட்டைப்பையில் என்று
கவனிக்கத் தவறிவிட்டேன்.